கல்லாகிவிட்ட பிரவுன் சீனியை இளக்க என்ன வழி? சனிக்கிழமை கேக் போட வேண்டும்

பனிக்குசினி, ஸ்காபரோ
வியாழன் இரவு

வணக்கம். சனிக்கிழமை அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. அவருக்குப் பிடித்த பேரீச்சம்பழ கேக்கை நானே செய்வதாகச் சொல்லிவிட்டேன். பழம் வாங்கியாயிற்று, பட்டர் வாங்கியாயிற்று, இன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்து பிரவுன் சீனிப் பையை எடுத்தால் கை வழுக்கி மேசையில் டக்கென்று விழுந்தது, அப்படியே செங்கல்.

ஒக்டோபரில் வாங்கிய இரண்டு கிலோப் பை. இங்கே கடைகளில் 'கோல்டன் யெல்லோ' என்று எழுதியிருக்குமே, அந்த வெளிர் நிறச் சீனி. பாதி பிள்ளைகளின் பிஸ்கட்டுக்கே போய்விட்டது, மிச்சத்தைப் பையோடு சுருட்டி ஒரு கிளிப் போட்டு அடுப்புக்கு மேலே இருக்கிற அலுமாரியில் வைத்தேன். அப்புறம் குளிர் வந்து ஹீற்றர் இரவு பகலாக ஓடுகிறது, உதடும் கையும் வெடிக்கிற அளவுக்கு வீடு காய்ந்து கிடக்கிறது, சீனியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

இதுவரை செய்து பார்த்ததைச் சொல்கிறேன். துணியில் சுற்றி அம்மிக்குழவியால் தட்டினேன், முஷ்டி அளவுத் துண்டுகளாக உடைந்ததே தவிர தூளாகவில்லை. ஒரு துண்டை மிக்ஸியில் போட்டேன், பிளேட் சிக்கிக்கொண்டு ஒரு மாதிரியான மணம் வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு கோப்பையில் இரண்டு துண்டை வைத்து மேலே தண்ணீர் தெளித்தேன், தெளித்த பக்கம் கரைந்து பாகாக ஓடுகிறது, மற்றப் பக்கம் கல்லாகவே நிற்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது: இது பழுதாகிவிட்டதா, இல்லை சாப்பிடலாமா? சனிக்கிழமை காலைக்குள் இளக்க முடியுமா? இளகிய பிறகு மறுபடி இறுகாமல் எப்படி வைப்பது? அம்மா சொல்கிறார், யாழ்ப்பாணத்தில் சிவப்புச் சீனி ஒரு நாளும் இப்படிக் கல்லானதில்லையாம், மாரி காலத்தில் ஈரம் பிடித்துப் பிசுபிசுக்கும் என்பதுதான் கவலையாம். பனங்கட்டிக் குட்டானும் மழை தொடங்கினால் கசியும் என்கிறார். அங்கே கசிந்தது இங்கே ஏன் கல்லாகிறது என்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

கேக்கும் கணக்கும், கோயம்புத்தூர்
வெள்ளி காலை

முதலில் பயத்தை விடுங்கள், சர்க்கரை கெடவே இல்லை. (உங்கள் சீனிதான், எங்கள் ஊர்ப் பழக்கத்தில் சர்க்கரை என்று எழுதுகிறேன்.) பூஞ்சையோ புளித்த வாடையோ பூச்சியோ இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். கிருமி வளரத் தண்ணீர் வேண்டும், இறுகிய சர்க்கரையில் முன்பைவிடத் தண்ணீர் குறைவு, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

நான் ஆர்டருக்கு கேக் செய்கிறவள், இந்தச் சர்க்கரையோடு பல வருடப் பழக்கம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரைப் படிகம்தான், அதன் மேல் மொலாசஸ், அதாவது கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு, மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. வெளிர் நிறத்தில் மொலாசஸ் எடைக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம், அடர் நிறத்தில் 6.5 சதவீதம். இந்தப் படலத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன. படலம் ஈரமாக இருக்கும்வரை படிகங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், அதனால்தான் கையில் பிடித்தால் ஈர மணல் போலப் பிடி பிடிக்கும். காற்று வறண்டிருந்தால் படலத்தில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்திருந்த சர்க்கரை பக்கத்துப் படிகங்களுக்கு நடுவே உறைந்து அவற்றை ஒட்டிவிடும். செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் பூசிய மாதிரி.

உங்கள் அம்மா சொன்னது ரொம்பச் சரி. யாழ்ப்பாணத்து மாரியில் காற்றில் ஈரம் அதிகம், சர்க்கரை இழுத்துக்கொள்ளும். கனடாவில் குளிர்காலத்தில் வெளிக்காற்றைச் சூடாக்கி வீட்டுக்குள் விடும்போது அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், அப்போது காற்று சர்க்கரையிலிருந்து இழுத்துக்கொள்ளும். அதே சர்க்கரைதான், ஈரம் போகிற திசை மட்டும் மாறியிருக்கிறது. அதிலும் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி வீட்டிலேயே சூடான இடம்.

தண்ணீர் தெளித்தது ஏன் சரிப்படவில்லை என்றால், சொட்டாக விழுகிற தண்ணீர் விழுந்த இடத்தைக் கரைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஈரம் ஆவியாகப் பரவி உள்ளே போக வேண்டும். இதற்குத்தான் பிரெட். மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில் துண்டுகளைப் போட்டு, மேலே பட்டர் பேப்பர் ஒன்றை விரித்து, அதன் மேல் சாதாரண பிரெட் ஸ்லைஸ் வையுங்கள், அரைக் கிலோவுக்கு ஒன்று, ஒரு கிலோ என்றால் இரண்டு. மூடிவிட்டு மறந்துவிடுங்கள். பிரெட்டில் உள்ள ஈரம் டப்பாவுக்குள் பரவும், மொலாசஸ் அதைப் பிடித்துக்கொள்ளும், பிரெட் ரஸ்க் போலக் காய்ந்துவிடும். ஒரு ராத்திரியில் ஓரங்கள் இளகும், முழுவதும் இளக ஒன்று இரண்டு நாள் ஆகலாம். நீங்கள் குழவியால் உடைத்தது நல்லதுதான், துண்டு சின்னதாக இருந்தால் ஈரம் சீக்கிரம் உள்ளே போகும்.

ஆப்பிள் துண்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஈரம் அதிகம், சர்க்கரையைத் தொடுகிற இடத்தில் நசநசவென்று ஆகும், லேசாகப் பழ வாசனையும் ஏறும். பேரீச்சம்பழ கேக்குக்கு அது குற்றமில்லை.

ராத்திரி வரைகூடக் காத்திருக்க முடியாது என்றால் மைக்ரோவேவ். பீங்கான் கிண்ணத்தில் தேவையான அளவு மட்டும் எடுத்து, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த டிஷ்யூவால் வாயை மூடி, 20 விநாடி ஓட விடுங்கள், முள்கரண்டியால் கிளறிப் பாருங்கள், மறுபடி 20 விநாடி. ஒரே மூச்சில் இரண்டு நிமிடம் வைத்துவிடாதீர்கள். நடுவில் உருகிக் கேரமலாகிவிடும், உருகிய சர்க்கரை கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை எடுத்துவிடும், கொதிநீரை விட மோசம். இப்படிச் சூட்டில் இளக்கியதை உடனே பயன்படுத்த வேண்டும், ஆறினால் திரும்ப இறுகும், பல சமயம் முன்னைவிடக் கெட்டியாக.

அளப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டி முட்டியான சர்க்கரையைக் கப்பில் அளந்தால் நடுவில் காற்று நிற்கும், அளவு குறைந்துவிடும். அழுத்தி நிரப்பிய ஒரு கப் பிரவுன் சுகர் 213 முதல் 220 கிராம் வரை வரும். தராசில் நிறுத்துவிடுங்கள்.

இட்லிப்பானை, துபாய்
வெள்ளி காலை

எங்கள் வீட்டில் ஏசி வருடம் முழுக்க ஓடுவதால் எனக்கும் இதே கதைதான். நான் ஒரு தடவை கிண்ணத்தில் சர்க்கரையைப் போட்டு மேலே துணி கட்டி இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தேன், ஆவிதானே வேண்டும் என்று நினைத்து. மூடியிலிருந்து வடிந்த தண்ணீர் துணியை நனைத்து உள்ளே இறங்கிப் பாதி பாகாகிவிட்டது. அந்தப் பாகை வடிகட்டி பணியாரத்துக்கு ஊற்றிக்கொண்டேன், வீணாகவில்லை. ஆனால் கேக்குக்கு அந்த முறை வேண்டாம். அடுப்பிலிருந்து வருகிற ஆவி ரொம்ப அதிகம், சர்க்கரைக்கு வேண்டியது சில துளி ஈரம்.

எனக்கு இப்போது கை கொடுப்பது துருவி. கேரட் துருவுகிற நாலு பக்கத் துருவியில் பெரிய துண்டைப் பிடித்துத் துருவினால் பொலபொலவென்று விழும். கை வலிக்கும்தான், ஒரு கப் வேண்டும் என்றால் முடியும், ஒரு கிலோ என்றால் முடியாது. காபிக்கும் ஓட்ஸுக்கும் மேலே தூவ இது போதும்.

ஆலைக்கரும்பு, கவுந்தப்பாடி
வெள்ளி பகல்

அம்மணி, உங்கள் அம்மாவுக்கு முதலில் என் வணக்கம். 70 வயதுக்கு மகள் கையால் கேக் சாப்பிடுவது பெரிய விஷயம்.

நான் பிரவுன் சுகர் அதிகம் புழங்கியதில்லை. எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன ஊர், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 60 கிலோ மூட்டையாக ஏலம் போகும், பழனி மலைப் பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் இங்கிருந்துதான் வாங்கும். அதனால் ஈரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நாட்டுச்சர்க்கரையில் மொலாசஸை யாரும் பிரித்தெடுப்பதும் இல்லை, திரும்பச் சேர்ப்பதும் இல்லை, கரும்புச்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சிப் பாகு பதம் வந்ததும் ஆறவிட்டுத் தேய்த்துப் பொடியாக்குகிறோம், சாற்றில் இருந்தது எல்லாம் அதிலேயே இருக்கும். அதனால் அது ஈரத்துக்கு ரொம்பவும் ஆளாகும். ஐப்பசி அடைமழையில் மூட்டையை வெறும் தரையில் வைத்தால் அடியில் இருப்பது நசநசத்துப் போகும், நிறம் கறுக்கும், புளித்த வாடை வரும். மரப்பலகை மேல்தான் அடுக்குவோம், சுவரை ஒட்டி வைக்க மாட்டோம். கருப்பட்டிக்கும் அதே பாடுதான், தெற்கே ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், புகையும் சூடும் படுகிற இடமாகப் பார்த்து. அடுப்புக்கு மேலே வைக்கிற வழக்கம் நம் கைக்கு வந்துவிட்டது பாருங்கள், நீங்களும் அங்கேயேதான் வைத்திருக்கிறீர்கள். இங்கே அது காப்பாற்றும், உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் அதுவே கெடுக்கும்.

அதே நாட்டுச்சர்க்கரையை என் மகள் பெங்களூரில் ஃபிரிட்ஜுக்குள் திறந்த கிண்ணத்தில் வைத்தாள், ஒரு மாதத்தில் கட்டியாகிவிட்டது. ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற காற்று வறண்ட காற்று. கீரைக்கட்டு வாடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

நான் அவளுக்குச் சொன்ன வழி ஒன்று. புது அகல் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் படாதது, சாயம் பூசாதது, வெறும் சுட்ட மண். நன்றாகக் கழுவி இருபது நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள். மண்பானை தண்ணீர் குடிப்பது போல அகலும் குடிக்கும். எடுத்து வெளியே ஈரம் சொட்டாமல் துணியால் துடைத்து, சர்க்கரை டப்பாவுக்குள் கவிழ்த்து வைத்து மூடிவிட வேண்டும். பானை தண்ணீரைக் கசிய விட்டுக் குளிரூட்டுமே, அதே வேலையை அகல் டப்பாவுக்குள் மெதுவாகச் செய்யும். வாரக்கணக்கில் தாங்கும், காய்ந்ததும் திரும்ப ஊறப் போடலாம். பிரெட் போலப் பூசணம் பூக்காது, ஆப்பிள் போல எறும்பை அழைக்காது. கனடாவில் தமிழ்க் கடைகளில் கார்த்திகைக்கு வந்த அகல் மிச்சம் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

கேக்கும் கணக்கும், கோயம்புத்தூர்
வெள்ளி பகல்

ஐயா சொன்ன அகல் அருமையான வழி. மேல்நாட்டில் இதற்கென்றே சுட்ட மண்ணில் கரடி, இலை என்று வில்லைகள் செய்து விற்கிறார்கள், அதையும் 15, 20 நிமிடம் ஊறப் போட்டுத்தான் வைக்கச் சொல்வார்கள். இத்தனை நாள் அதை ஆன்லைனில் தேடிக்கொண்டிருந்தேன், பூஜை அறையில் டஜன் கணக்கில் அகல் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். பளபளப்புப் பூச்சு உள்ளதும் வண்ணம் அடித்ததும் வேண்டவே வேண்டாம், பூச்சு இருந்தால் தண்ணீரைக் குடிக்காது, வண்ணத்தில் என்ன கலந்திருக்கும் என்பதும் நமக்குத் தெரியாது.

பனிக்குசினி, ஸ்காபரோ
வெள்ளி காலை

எல்லோருக்கும் மிகப்பெரிய நன்றி. ஐயா, உங்கள் வணக்கத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவருக்குச் சந்தோசம். அகல் வீட்டிலேயே இருக்கிறது, கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கியதில் ஆறு தொடாமல் கிடக்கின்றன.

இப்போதைக்கு இப்படிச் செய்திருக்கிறேன்: மூடி இறுகுகிற பெரிய பிளாஸ்ரிக் பெட்டியில் எல்லாத் துண்டுகளையும் போட்டு, மேலே பேப்பர், அதன் மேல் இரண்டு பாண் துண்டு. பெட்டியை அடுப்புக்கு மேலே வைக்காமல் கீழ் அலுமாரிக்கு மாற்றிவிட்டேன். வேலைக்குப் போகப் போகிறேன், அதற்கிடையில் மூன்று சந்தேகம்.

பாண் எத்தனை நாள் உள்ளே இருக்கலாம்? தண்ணீர் தெளித்துப் பாகான அந்தக் கோப்பையை என்ன செய்வது, கொட்டிவிடவா? மூன்றாவது, வெள்ளைச் சீனிப் போத்தலிலும் கட்டி பிடித்திருக்கிறது, அதற்குள்ளும் ஒரு பாண் துண்டு போட்டுவிடலாமா? அம்மா உப்புப் போத்தலில் அரிசி போடுவது போலச் சீனி எல்லாவற்றுக்குள்ளும் அரிசி போட்டால் சரி என்கிறார்.

கேக்கும் கணக்கும், கோயம்புத்தூர்
வெள்ளி மாலை

வெள்ளைச் சர்க்கரையில் பிரெட் போடாதீர்கள்! அது நேர் எதிர். வெள்ளையில் மொலாசஸ் படலம் இல்லை, அது நன்றாகக் காய்ந்துதான் இருக்க வேண்டும். கோடையிலோ, அடுப்பாவி பட்டோ, ஈரக் கரண்டி போட்டோ கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கும், படிகத்தின் மேல்பக்கம் லேசாகக் கரைந்திருக்கும், பிறகு காய்ந்தபோது ஒட்டிக்கொண்டது. பிரெட் வைத்தால் இன்னும் ஈரம் கொடுத்து, இன்னும் பெரிய கட்டியாக்குவீர்கள். அதைப் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டிச் சலித்தாலே போதும். உங்கள் அம்மா சொல்கிற அரிசி ஈரத்தை இழுப்பதற்கு, அதனால் உப்புக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் அது பொருந்தும். பிரவுனுக்குள் அரிசி போட்டால் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது குடித்துவிடும். ஐசிங் சுகரும் வெள்ளையோடு சேர்த்திதான், கட்டி பிடிக்காமல் இருக்கத்தான் அதில் சோளமாவு கலக்கிறார்கள்.

பிரெட்டை இரண்டாம் நாள் எடுத்துவிடுங்கள், இளகாவிட்டால் புதுத் துண்டு வையுங்கள். ஆப்பிளும் அப்படியே. ஒரு வாரம் விட்டால் பூசணம் பிடித்து, அதுவரை நன்றாக இருந்த சர்க்கரையும் போய்விடும்.

கோப்பையில் உள்ள பாகைக் கொட்டவே கொட்டாதீர்கள், அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். பேரீச்சம்பழ கேக்குக்குப் பழத்தைக் கொதிநீரும் சமையல் சோடாவும் சேர்த்து ஊற வைப்பீர்கள் இல்லையா? அந்தக் கொதிநீரில் இந்தக் கட்டியையும் பாகையும் போட்டுக் கரைத்துவிடலாம். எத்தனை கிராம் என்று முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள், தெளித்த தண்ணீர் இரண்டு மூன்று கரண்டி இருக்கும் என்றால் கொதிநீரில் அந்த அளவைக் குறையுங்கள். மொலாசஸில் லேசான புளிப்பு உண்டு, சோடாவோடு சேர்ந்து கேக் எழும்ப உதவும். இந்த ஒரு கேக்குக்கு இளகிய சர்க்கரை வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

ஆனால் எல்லாச் சர்க்கரையையும் கரைத்துவிடாதீர்கள். வெண்ணெயோடு அடிப்பதற்குப் படிகம் வேண்டும், படிகத்தின் முனை வெண்ணெயில் குத்திக் காற்றை உள்ளே இழுக்கும், அந்தக் காற்றுதான் கேக்குக்கு மென்மை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கரையுங்கள், மிச்சத்தை இளகியதும் வெண்ணெயோடு அடியுங்கள். நான் இப்படித்தான் செய்வேன், முழுக்கக் கரைத்தால் புட்டிங் மாதிரி அடர்த்தியாக வரும், அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

அடிக்கும்போது மிளகு அளவுக் கட்டி மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஓவனில் அது கரையாது, கேக்கில் கறுப்புப் புள்ளியாக உருகி ஓட்டை விழும்.

இட்லிப்பானை, துபாய்
வெள்ளி மாலை

ஒருவேளை நாளைக்குள் இளகவே இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது, மொலாசஸ் பாட்டில் கடையில் கிடைக்கும்தானே? ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி மொலாசஸ் விட்டு விரலால் பிசறினால் வெளிர் பிரவுன், இரண்டு மேசைக்கரண்டி விட்டால் அடர் பிரவுன். நானே நிறையத் தடவை செய்திருக்கிறேன், வித்தியாசமே தெரியாது. இப்போதெல்லாம் பிரவுன் வாங்குவதையே விட்டுவிட்டேன், வேண்டும்போது வேண்டிய அளவு கலந்துகொள்கிறேன், சேமித்து வைக்கிற தலைவலியே இல்லை.

வாங்கித்தான் வைப்பேன் என்றால் ஃப்ரீசர் நல்லது. காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பயன்படுத்துவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும், பையைத் திறக்காமல். திறந்தால் குளிர்ந்த சர்க்கரை மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

ஆலைக்கரும்பு, கவுந்தப்பாடி
வெள்ளி இரவு

நாட்டுச்சர்க்கரை கிடைத்தால் அதையே போட்டும் கேக் செய்யலாம், என் மருமகள் செய்கிறாள். நிறம் கறுப்பாக வரும், ஓரத்தில் ஒரு மெல்லிய உப்புச் சுவை இருக்கும், பேரீச்சம்பழத்தோடு அது நன்றாகவே சேரும். சலித்துப் போட வேண்டும், நார் தூசி இருக்கலாம். வெளுப்பாக, மஞ்சள் அடித்த மாதிரி இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், நல்ல சர்க்கரை கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். நிறம் வெளுக்க வேண்டுமென்று ரசாயனம் சேர்க்கிறவர்கள் உண்டு, அதற்காக நாங்கள் ரொம்பவே வருத்தப்படுகிறோம்.

பனிக்குசினி, ஸ்காபரோ
ஞாயிறு பின்னேரம்

எப்படி முடிந்தது என்று எழுதாமல் போகக்கூடாது, அதனால் வந்தேன்.

வெள்ளி இரவு வேலையால் வந்து பெட்டியைத் திறந்தபோது சின்னத் துண்டுகள் எல்லாம் விரலால் அழுத்த உதிர்ந்தன, பெரிய துண்டுகள் வெளியே மெத்தென்றும் நடுவில் கல்லாகவும் இருந்தன. பாண் இரண்டும் ரஸ்க் போலக் காய்ந்துவிட்டன, நீங்கள் சொன்னது போலவே. புதுப் பாண் வைத்துவிட்டுப் படுத்தேன். சனி காலை ஐந்தரைக்குப் பார்த்தேன், அரைவாசிக்கு மேல் பொலபொலவென்று இருந்தது, பையை முதல் நாள் திறந்தபோது இருந்த அதே மணம்.

கேக்குக்கு எனக்கு 430 கிராம் வேண்டும், இரண்டு பங்காகச் செய்ததால். இளகியதில் 290 கிராம் பட்டரோடு அடித்தேன். இளகாத நடுத்துண்டுகளையும் கோப்பைப் பாகையும் சேர்த்து மீதி 140 கிராம் அளவுக்குப் பழம் ஊறப் போட்ட கொதிநீரில் கரைத்தேன், தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி குறைத்துக்கொண்டேன். கேக் நன்றாக எழும்பியது, வழக்கத்தைவிட ஒரு பிடி ஈரமாக இருந்தது, அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார். போன முறை செய்ததை விட இது நல்லது என்று சித்தி சொன்னார். கரைத்த சீனியால்தான் அந்த ஈரம் என்று நினைக்கிறேன், அடுத்த முறை சீனி நன்றாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கைக் கரைத்தே செய்யப் போகிறேன்.

மிச்சம் அரைக் கிலோவை றப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, ஊறிய அகல் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மாசி பங்குனி வரை ஹீற்றர் ஓடும், அதுவரை மூன்று கிழமைக்கு ஒரு முறை எடுத்து ஊறப் போடுவதாக யோசனை. கோடையில் இங்கேயும் வீட்டுக்குள் ஈரம் ஏறும், அப்போது அகலை எடுத்துவிட வேண்டுமா, ஐயா? விட்டால் யாழ்ப்பாணத்துச் சீனி போலப் பிசுபிசுக்குமோ என்று அம்மா கேட்கச் சொன்னார்.

ஆலைக்கரும்பு, கவுந்தப்பாடி
திங்கள் காலை

எடுத்துவிடுங்கள் அம்மணி. காற்றே ஈரமாக இருக்கும்போது மூடி மட்டும் இறுக்கமாக இருந்தால் போதும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள், பிடித்தால் நின்று, தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் கையில் அப்பினால் ஈரம் கூடிவிட்டது, நனையாத காய்ந்த அகலை ஒரு நாள் உள்ளே போட்டு வையுங்கள், கூடுதல் ஈரத்தை அதுவே குடித்துவிடும். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டது சரியான கேள்வி.